கண்ணிமையில் குடியிருந்த லட்சுமி

1

நம்ம ஊர் அம்மன் கோயில் கொடைக்கு இந்த வருஷம் மலர் போடுகிறார்களாம். ஊரை விட்டு வெளியே போய்ப் பிழைத்தவர்கள் ஆளுக்கு நாலு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். பட்டுச்சேலை கட்டிய போட்டோ ஒன்றும் சேர்த்து அனுப்ப வேண்டுமாம். கொடைக் கமிட்டித் தம்பி வாட்ஸப்பில் பேசி அனுப்பியிருந்தார். "அக்கா, நல்லாப் பெருமையா எழுதுங்க. நம்ம ஊர்க் காத்து, நம்ம ஊர்த் தண்ணி, நம்ம ரத்தம், இதெல்லாம் வரணும்."

காற்றையும் தண்ணீரையும் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. ரத்தத்தைப் பற்றி நிறையக் கிடக்கிறது. கேட்டது நீங்கள்தான், படித்துவிட்டு என்மேல் பாயக் கூடாது.

என்னைத் தெரியாத இளவட்டங்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் சொர்ணம். வடக்குத் தெரு மஞ்சக்கண் வீட்டுப் பெண். திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் நானும் என் வீட்டுக்காரரும் பாத்திரக்கடை வைத்திருக்கிறோம். ஊரிலிருந்து காலையில் கிளம்பி நாகர்கோவிலில் பஸ் மாறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு இங்கே வந்துவிடலாம். அந்தத் தூரத்துக்கே, ஊருக்கு வந்தால் "மலையாளத்தா வந்திருக்கா" என்கிறீர்கள். இங்கே இருபத்தைந்து வருஷம் கழித்தும் எங்கள் கடை "பாண்டிக்காரி கடை"தான். இரண்டு பக்கத்தாரையும் சகித்துக்கொண்டு குடமும் குத்துவிளக்கும் விற்றுக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் என் அண்ணன் தங்கப்பாண்டியின் முதல் வருஷத் திதிக்கு ஊருக்கு வந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் எதிரே பிளக்ஸ். ஆள் உயரத்துக்கு அண்ணன் நிற்கிறான். வெள்ளைச் சட்டை, பின்னால் எங்கிருந்தோ பிடித்துவந்த ஒரு அருவி. அண்ணனுக்கு இரண்டு கண்ணிமையிலும் மூக்கோரமாக மஞ்சள் தடிப்பு உண்டு. பிளக்ஸ் அடித்தவன் அதை இன்னும் ஏற்றி, நகைக்கடை விளம்பரம் மாதிரி மினுங்க வைத்திருந்தான். கீழே கொட்டை எழுத்தில் 'லட்சுமி குடியிருந்த முகமே' என்று வேறு.

அட மடச் சாம்பிராணிகளா! என் அண்ணனைக் கொன்ற வியாதியின் அடையாளம் அது. அதற்குத் தங்க முலாம் பூசி, முச்சந்தியில் நிறுத்தி, மாலையும் போட்டிருந்தீர்கள்.

2

எங்கள் வீட்டுக்கு மஞ்சக்கண் வீடு என்று பெயர் வந்ததே அந்தத் தடிப்பால்தான். அப்பாவுக்கு இருந்தது. சித்தப்பாவுக்கு இருந்தது. அண்ணனுக்கும் பகவதி அக்காவுக்கும் இருபது வயதிலேயே வந்துவிட்டது. அது லட்சுமி கடாட்சமாம். அது உள்ளவன் கையில் பணம் தங்குமாம். வெளியில் பெண் எடுத்தாலும் கொடுத்தாலும் லட்சுமி கூடவே போய்விடுவாளாம். அதனால் அத்தை வீடு, மாமன் வீடு என்று ஒரே வட்டத்துக்குள் கொடுத்து வாங்கிக்கொண்டார்கள்.

பெண் பார்க்கப் போகிற இடத்தில் பாட்டுத் தெரியுமா, சமையல் தெரியுமா என்றெல்லாம் எங்கள் வீட்டுப் பெண்கள் கேட்பதில்லை. பெண்ணை வெளிச்சத்தில் உட்கார வைத்து, "எங்க, கண்ண மூடு பிள்ள" என்பார்கள். இமையில் மஞ்சள் தட்டியிருந்தால் அங்கேயே பூ வைத்துவிடுவார்கள். மாட்டுக்குச் சுழி பார்ப்பவன்கூட இரண்டு சுற்று சுற்றி வந்து யோசிப்பான்.

எனக்கு அந்தக் கடாட்சம் கிடைக்கவில்லை. "தொடச்சுவிட்ட மூஞ்சி" என்பதுதான் வீட்டில் எனக்குப் பட்டம். அக்காவுக்குத் தோப்பும் மோட்டார் கிணறும் உள்ள மாப்பிள்ளை பார்த்தார்கள். எனக்கு வந்தபோது சித்தப்பா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "இவளுக்கு எதுக்குச் சொந்தத்துல தேடிக்கிட்டு? எங்கயாவது தூரமாக் கொடுங்க." திருவனந்தபுரத்தில் ஒரு பாத்திரக்கடையில் சம்பளத்துக்கு நின்ற மனிதருக்குக் கொடுத்தார்கள். சொந்தமும் இல்லை, பந்தமும் இல்லை. பிழைக்க வழி தேடி ஊரை விட்டேன் என்று மலரில் அழகாக எழுதலாம்தான். இமையில் மஞ்சள் இல்லாததால் தள்ளிவிட்டார்கள் என்பதே உண்மை.

அந்தச் சித்தப்பா என் கல்யாணத்துக்கு அடுத்த வருஷம் வயலில் விழுந்து செத்தார். நாற்பது வயதுகூட ஆகவில்லை. உச்சிவெயிலில் புளியமரத்தடியில் நின்றாராம், முனி அடித்துவிட்டதாம். அவருக்கு முன்னாலேயே அப்பா போயிருந்தார். சாப்பிட்டு எழுந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வாயுப் பிடிப்பு என்று பூண்டு சுட்டுக் கொடுத்தார்கள். பூண்டு வாயில் இருக்கும்போதே உயிர் போயிற்று. போன வருஷம் அண்ணன், பைக்கை ஸ்டாண்டு போட்டவன் அப்படியே சரிந்தான். எதிர்வீட்டுக்காரன் வைத்த செய்வினையாம். அந்த எதிர்வீட்டுக்காரர் பாவம், தன் வீட்டு முருங்கைக்காயைக்கூட எங்களுக்கு ஓசியில் கொடுத்துக்கொண்டிருந்தவர். துக்கம் கேட்க வந்தவரைப் படியேற விடவில்லை.

ஒரே வீட்டில் ஒரே மாதிரி மூன்று சாவு. வாயு, முனி, செய்வினை என்று ஆளுக்கொரு காரணம். மூன்று பேரும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் விழுந்தார்கள் என்பது ஒருத்தர் மண்டையிலும் உறைக்கவில்லை.

3

அக்கா மகன் சிவா எங்கள் வீட்டு மாடியில்தான் இருக்கிறான். இருபத்தெட்டு வயது. கழக்கூட்டத்துப் பக்கம் எழும்புகிற ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் சூப்பர்வைசர். அண்ணன் போய் மூன்று மாதம் இருக்கும். ஒருநாள் சாயங்காலம் பூட்ஸைக் கழற்றி எறிந்துவிட்டு, "சித்தி, இது போட்டா குதிகால் உயிர் போவுது" என்றான். பார்த்தேன். குதிகாலுக்கு மேலே நரம்பில் கெட்டியாக உருண்டை, இரண்டு காலிலும். பூட்ஸ் கடித்ததுதான் என்று நினைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

பெரிய ஆஸ்பத்திரி. முதல் ஜன்னலில் இருந்த பெண் அவன் ஆதார் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது தமிழ்நாட்டிலெ அட்ரஸ் அல்லே? இவிடத்தெ கார்டு இல்லே?" என்றாள். இந்த ஊர்க் கார்டு இல்லாததால் அடுத்த ஜன்னலுக்குப் போகச் சொன்னாள். அங்கே போனால், முதல் ஜன்னலில் சீல் வாங்கிக்கொண்டு வரச் சொன்னார்கள். நோயாளிக்கு நான் என்ன உறவு என்று கேட்டார்கள். சித்தி என்றேன். அவர்கள் கம்ப்யூட்டரில் சித்தி கிடையாதாம். அம்மா என்று போட்டுக்கொள்ளட்டுமா என்றாள் அந்தப் பெண். போட்டுக்கொள் தாயே என்றேன்.

டாக்டர் ஒரு நடுத்தர வயதுப் பெண். குதிகாலைத் தொட்டுப் பார்த்தார். நிமிர்ந்து சிவாவின் முகத்தைப் பார்த்தார். அவனுக்கு இமையில் மஞ்சள் அப்போதுதான் லேசாகத் தட்டத் தொடங்கியிருந்தது. குடும்பத்தில் யாருக்காவது இதய நோய் உண்டா என்று மலையாளத்தில் கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஏய், அதெல்லாம் இல்ல டாக்டர். ஞங்ஙள் நல்ல குடும்பமாணு."

நல்ல குடும்பமாம்! நம்ம ஊரில் பிறந்து வளர்ந்த வாய் வேறு எதைச் சொல்லும்?

டாக்டர் சிரிக்கவில்லை. "அம்மயுடெ அச்சன் எங்ஙனெ மரிச்சு?" என்றார், அப்பா எப்படி இறந்தார் என்று.

"வாயு."

"எத்ர வயஸ்ஸில்?"

"நாப்பத்திநாலு."

"வேறெ ஆரெங்கிலும் செறுப்பத்தில் மரிச்சோ?" சின்ன வயதில் வேறு யாராவது போனார்களா என்று.

சித்தப்பா என்றேன். முனி என்று சொல்ல வாய் வரவில்லை. அண்ணன் என்றேன், நாற்பத்தொன்பது என்றேன். எத்தனையோ வருஷமாக ஒப்பாரியோடு கேட்ட சாவுகள் அந்த மேசையில் வயது வயதாக வந்து வரிசையாக நின்றன. சிவா என் கையைப் பிடித்துக்கொண்டான்.

ரத்தம் எடுத்தார்கள். அடுத்த வாரம் டாக்டர் நிதானமாகச் சொன்னார். நமக்கு விளங்கும்படி தமிழில் எழுதுகிறேன், கொஞ்சம் கவனித்துப் படியுங்கள். ரத்தத்தில் ஓடும் கெட்ட கொழுப்பை ஈரல்தான் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். இந்த வியாதிக்காரர்களுக்குப் பிடிக்கிற கை பாதிதான் வேலை செய்யும். மிச்சக் கொழுப்பு பிறந்த நாளிலிருந்தே ரத்தக்குழாயில் படியும். சிலருக்குக் குதிகாலிலும் இமையிலும்கூட வந்து தங்கும். இமையில் மஞ்சள் உள்ள எல்லாருக்கும் இது இருக்கும் என்று இல்லை, மஞ்சள் இல்லை என்பதால் இல்லாமலும் போகாது. ரத்தம்தான் சொல்லும். அப்பா அம்மாவில் ஒருத்தருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இரண்டு பேருக்கும் இருந்து, இரண்டு பக்கமிருந்தும் வாங்கிக்கொண்ட பிள்ளைக்குப் பள்ளிக்கூட வயதிலேயே நெஞ்சு அடைக்கலாம். சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கொண்டால் அந்த ஆபத்து கூடும். நெய்யையும் தேங்காயையும் குறைத்தால் மட்டும் போதாது. ஆயுசு முழுக்க மாத்திரை வேண்டும். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு, பீடி சிகரெட் இல்லாமல் இருந்தால் மற்றவர்களைப் போல நெடுநாள் வாழலாம்.

ரத்த சொந்தம் எல்லாரும் ரத்தம் பார்க்க வேண்டும் என்றார். நான் பார்த்தேன். எனக்கு இல்லை. தொடச்சுவிட்ட மூஞ்சிக்குச் சுத்தமான ரத்தம். பஸ் ஸ்டாப்பில் நின்று சிரித்தேன். சிவா பயந்துவிட்டான்.

4

சிவா மாத்திரை சாப்பிட்டான். நாலைந்து மாதத்தில் ரத்தத்தில் கொழுப்பு நன்றாக இறங்கிவிட்டது. டாக்டருக்கே சந்தோஷம். அந்த நேரம் பார்த்து அவனுக்கு ஒரு வரன் வந்தது. வள்ளியூர்ப் பக்கம், தூரத்துச் சொந்தம், ஒரே வட்டம்தான். பேச்சு முற்றியதும் பகவதி அக்கா தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினாள். ஒரு பை முறுக்கு, ஒரு பை அதிரசம். மாடிப்படியில் பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். "வாயு" என்றாள். மேலே போய் முதலில் பிரிட்ஜ் மேல் கிடந்த மாத்திரை அட்டையைக் கண்டாள்.

"ஏட்டி சொர்ணம், இது என்னது?"

"மாத்திரை."

"எதுக்கு?"

"ஒம் பிள்ள உசுரோட இருக்கதுக்கு. போனிலயே படிச்சுப் படிச்சுச் சொன்னேம்லா?"

"இருவத்தெட்டு வயசுப் பிள்ளைக்கு ஆயுசு பூரா மாத்திரையா? பொண்ணு வீட்டுல தெரிஞ்சா காறித் துப்புவாவ. எவன் பொண்ணு தருவான்?"

"அண்ணனுக்குப் பொண்ணு தந்தாவல்லா? மதினி இப்ப எப்படி உக்காந்திருக்கா?"

"அண்ணனுக்குச் செய்வினை."

"சித்தப்பாவுக்கு?"

"அதான் முனின்னு தெரியும்லா? ஒனக்குப் பொறாமைட்டி. சின்னப்பிள்ளைலேர்ந்தே எங்க கண்ணப் பாத்துப் பொறாமை. இப்ப எம் பிள்ளைக்கு வியாதின்னு கட்டிவிடுத."

பொறாமை இருந்ததுதான். பத்து வயதில் கண்ணாடி முன்னால் நின்று இமையில் மஞ்சள் தேய்த்துப் பார்த்தவள் நான். அதற்காக அக்கா பிள்ளை சாக வேண்டும் என்று நினைப்பேனா? அவள் அப்படிச் சொன்னது எனக்கு ஆறவே இல்லை.

மறுநாள் பிளாஸ்டிக் குப்பை வாங்க வருகிற பெண்களிடம் அந்த அட்டைகளை அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டாள். புதிதாக வாங்கிவந்து கொடுத்தேன். சிவா வாங்கவில்லை. "கல்யாணம் வரைக்கும்தானே சித்தி. பின்னெ நோக்காம். அம்மா அழுதாவல்லா?" என்றான். அப்புறம் பார்த்துக்கொள்ளலாமாம். பத்தாவது மாடிச் சாரத்தில் பயமில்லாமல் நடக்கிற பயல், அம்மா முன்னால் ஒரு மாத்திரையை விழுங்கத் தைரியமில்லை. நம்ம ஊர் ஆண்பிள்ளைகளின் வீரம் அவ்வளவுதான்.

என் மகள் நித்யா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தமிழ் பேச வரும், எழுதத் தெரியாது. கோபம் வந்தால் மலையாளம்தான். "அம்மேடெ ஆள்க்காரெந்தா இங்ஙனெ? புத்தியில்லே?" என்றாள். உன் ஆட்களுக்கு மூளை இல்லையா என்று. அவள் ஆட்கள் இல்லையாம், என் ஆட்களாம். உங்களை நான் திட்டலாம். அவள் திட்டினால் எனக்குச் சுள்ளென்று ஏறுகிறது. "போய்ப் படிடி" என்று கத்தினேன். திதிக்கும் அவள் வரவில்லை. பரீட்சை என்று சொல்லிவிட்டாள். பரீட்சை ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

5

திதி முடிந்து நான் திரும்பி ஒரு வாரம். கடையில் கூட்டமில்லாத நேரம் ஒருவர் வந்தார். வெள்ளை வேட்டி, தடித்த பிரேம் போட்ட கண்ணாடி, கையில் குடை. குடத்தை எடுத்துச் சுண்டிப் பார்த்தார். விலை கேட்டார், பேச்சு வள்ளியூர்ப் பக்கத்துப் பேச்சு. வைத்தார். இன்னொரு குடத்தைச் சுண்டினார். வள்ளியூரிலிருந்து திருவனந்தபுரத்துக்கு யாராவது குடம் வாங்க வருவார்களா? சம்பந்தம் விசாரிக்க வருகிறவர்கள் எல்லாரும் இப்படித்தான், கடையில் சாமான் வாங்குவது போல வந்து நிற்பார்கள். பெண்ணின் அப்பா அருணாசலம் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. என் வீட்டுக்காரர் மெதுவாக எழுந்து டீ வாங்கப் போய்விட்டார். சங்கடம் என்றால் அவருக்கு எப்போதும் டீ ஞாபகம்தான் வரும்.

"பையன் எப்படி?" என்றார் அருணாசலம், குடத்தைப் பார்த்தபடி.

"தங்கமான பிள்ளை."

"குடி?"

"கிடையாது."

"இங்க மலையாளத்துப் பிள்ளை எதுவும் பழக்கம் உண்டுமா?"

"அதுக்கு அவனுக்குத் தைரியம் போதாது."

அதைக் கேட்டுத் திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "பரம்பரையா ஏதாவது… வெள்ளைக் குட்டம், காக்கா வலிப்பு, மண்டைக் கோளாறு, அப்படி…"

"அதெல்லாம் இல்ல."

"அப்பச் சரி. நல்ல குடும்பம்."

இவ்வளவுதான் விசாரணை. இதோடு எழுந்து போயிருப்பார். வாயை மூடிக்கொண்டிருந்தால் சம்பந்தம் முடியும், அக்கா என்னோடு ஒட்டுவாள். சிவா மாத்திரையை மறைத்து மறைத்து, கடைசியில் மறந்தே போவான். இன்னும் பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் அவனுக்கும் ஒரு பிளக்ஸ் அடிப்பீர்கள். எனக்கு அந்த அருவி கண்முன்னால் வந்தது.

"நீங்க கேக்காத ஒண்ணு இருக்கு" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா, சித்தப்பா, அண்ணன், குதிகால், ரத்தம், மாத்திரை. "பிள்ளை மாத்திரை சாப்பிட்டா நல்லா இருப்பான். மறைச்சுக் கட்டி வச்சா சாப்பிட மாட்டான். தெரிஞ்சே கொடுங்க. கொடுக்கதுக்கு முன்னால உங்க மகளுக்கும் ரத்தம் பாருங்க. ரெண்டு பேருக்கும் இருந்தா பிறக்குற பிள்ளைக்கு ரொம்ப ஆபத்து."

அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். துடைக்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். தடித்த பிரேமுக்குப் பின்னால் இதுவரை தெரியாதது இப்போது தெரிந்தது. இரண்டு இமையிலும் மூக்கோரமாக மஞ்சள்.

"உங்க வீட்டுல யாரு போனா?" என்றேன்.

"எங்கப்பா பஸ்ஸுல உக்காந்தபடியே போய்ட்டாவ. மூத்த அண்ணன்…" நிறுத்தினார். "அது வேற, கடையில சண்டை வந்து, அதிர்ச்சியில…"

அவர்களுக்கு அதிர்ச்சி, எங்களுக்கு முனி. எந்த ஊரானாலும் நமக்குச் சாவுக்குக் காரணமா கிடைக்காது?

"நீங்களும் ரத்தம் பாருங்கண்ணாச்சி. இன்னைக்கே பாத்துட்டுப் போலாம். நான் கூட வாரேன்" என்றேன்.

அந்த மனிதர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். "அம்மா, எனக்கு இன்னொரு பொண்ணும் இருக்கு. நீங்க சொன்னதை நான் வெளிய விட மாட்டேன். என் கண்ணப் பாத்ததை நீங்களும் விடக் கூடாது." கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குடையை மறந்துவிட்டு, பழவங்காடிப் பக்கம் வேகமாக நடந்தார். வயதான மனிதர் அப்படி ஓடுவதைப் பார்க்க அருவருப்பாக இருந்தது. போகிற வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாரோ என்று பயமாகவும் இருந்தது. (அந்தப் பக்கத்தில் அருணாசலம் என்று யாரையும் தேடாதீர்கள். பெயரையும் ஊரையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.)

6

நாலு நாள் கழித்து அக்கா போனில் கதறினாள்.

"ஏட்டி, மோசம் போய்ட்டோம்! பொண்ணு வீட்டுல வேற ஜோசியர்ட்ட காட்டியிருக்காவ. பிள்ளைக்கு ஆயுள் பலம் இல்லியாம்! நாப்பது வயசுல நெஞ்சுல கண்டமாம்! சம்பந்தம் வேண்டாம்னுட்டாவ!"

நெஞ்சில் கண்டம் என்று கிரகத்துக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்பது எனக்குத் தெரியாதா? என் கடையில் குடத்தைச் சுண்டிக்கொண்டு கேட்ட சமாசாரம் வள்ளியூருக்குப் போய், ஜோசியர் வாய் வழியாக ஜாதகக் கட்டத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டது. ரத்தம் சொன்னால் மானம் போகும். சனி சொன்னால் ஒருத்தருக்கும் மானம் போகாது.

"ஒரு வருஷமா நான் என்ன சொல்லுதேன்?" என்று கத்தினேன். "நெஞ்சு, நாப்பது வயசு, இதத்தானே சொன்னேன்?"

"நீ என்ன ஜோசியராட்டி?" என்றாள் அக்கா, அழுகைக்கு நடுவே.

மறுநாளே வந்துவிட்டாள். வந்த வேகத்தில் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வியில் நான் நின்றபடி நின்றுவிட்டேன்.

"அந்த மாத்திரை இருக்கா?"

"தூக்கிக் குப்பையில கொடுத்தேல்லா?"

"கோவப்படாதட்டி. பரிகாரத்துல மருந்தும் சேத்தி, ஒரு நாள் விடாம சாப்பிடணும்னு ஜோசியர் ரொம்ப அழுத்திச் சொன்னாராம். பொண்ணோட அப்பாதான் தனியா போன் போட்டுச் சொன்னாரு. நல்ல மனுசன், பாவம்."

நல்ல மனுசனாம். தன் இரண்டு பெண்களுக்கும் ரத்தம் பார்க்கத் துப்பில்லாதவர், என் அக்கா பிள்ளைக்கு மட்டும் ஜோசியர் பெயரில் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். அவரை எவ்வளவு திட்ட நினைத்தாலும் இந்த ஒரு இடத்தில் என் வாய் அடைத்துப்போகிறது.

அன்றைக்கு ராத்திரியிலிருந்து எங்கள் வீட்டில் பூஜை நடக்கிறது. அக்கா மாத்திரையை விளக்கு முன்னால் வைத்து, கற்பூரம் காட்டி, சிவா நெற்றியில் திருநீறு பூசி, வாயைத் திறக்கச் சொல்லிப் போட்டுவிடுகிறாள். விழுங்கியாயிற்றா என்று நாக்கைத் தூக்கிப் பார்க்கிறாள். சிவா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுகிறான். நித்யா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடுகிறாள். எனக்குக் காறித் துப்ப வேண்டும் போல இருக்கிறது. அவன் தொண்டை ஏறி இறங்குவதையும் விடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நேற்று அக்கா ஊருக்குக் கிளம்பினாள். பையை எடுக்க மாடிக்கு ஏறியவள் பழையபடி பாதிப் படியில் நின்றாள். இந்தத் தடவை உட்கார்ந்தே விட்டாள். நெற்றியெல்லாம் வேர்வை. ஓடிப்போய்ப் பிடித்தேன். இமை இரண்டிலும் மஞ்சள் தடிப்பு, அப்பாவுக்கு இருந்தது போலவே.

"அக்கா, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போவோம். நெஞ்சையும் பாத்துரலாம், ரத்தமும் கொடுத்துரு. உனக்கு இல்லாமலா உன் பிள்ளைக்கு வந்திருக்கு?"

"எனக்கு என்னட்டி? வாயு."

"அப்பாவும் இதத்தான் சொன்னாரு!"

"கிறுக்கி" என்று சொல்லி என் கன்னத்தைத் தட்டினாள். "எனக்கு ஜோசியர் ஒண்ணும் சொல்லலியே."

கெஞ்சினேன், திட்டினேன், கையைப் பிடித்து இழுத்தேன். சிவாவும் மன்றாடினான். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று போய்விட்டாள்.

உங்கள் மலருக்கு நான் எழுத நினைத்தது இதோடு முடியவில்லை. உங்கள் மூடத்தனத்தைப் பற்றி இன்னும் பத்துப் பக்கம் எழுதலாம், கை துருதுருக்கிறது. நேரமில்லை. அக்காவின் ஜாதகத்தைப் போட்டோ எடுத்து அனுப்பும்படி அத்தானிடம் சொன்னேன், அனுப்பிவிட்டார். நாளைக் காலை முதல் பஸ்ஸில் அந்த ஜோசியர் வீட்டுக்குப் போகிறேன். அவர் முன்னால் பாயில் உட்கார்ந்து, வெற்றிலை பாக்கு வைத்து, என் அக்காவுக்கும் நெஞ்சில் ஒரு கண்டம் இருக்கிறது என்று சொல்லுங்கள் சாமி என்று கேட்கப் போகிறேன். காலில் விழச் சொன்னால் விழுவேன்.